கட்டட வேலைக்குக் காசு வராதபோது: ஒன்ராறியோவில் லீன் பதிவு பற்றி ஒரு பதில்

இந்தக் கேள்வியைக் கேட்டவர், மார்க்கம் நகரில் ஒரு பிளாசாவுக்குள் (கடைத்தொகுதிக்குள்) புதிதாகத் திறக்கவிருக்கும் உணவகத்துக்கு ட்ரைவால் வேலை, அதாவது ஜிப்சம் பலகைச் சுவர் வேலை, செய்து கொடுத்தவர். சைற்றில் எல்லோரும் ஜி.சி. என்று அழைக்கும் பிரதான ஒப்பந்தகாரர் அவருக்கு இன்னும் 38,000 டொலர் கொடுக்க வேண்டும். அவர் கடைசியாக வேலை செய்தது மே 9ஆம் திகதி. கேள்வியை எழுதியது ஜூன் 24ஆம் திகதி. "உணவகக்காரர் எனக்கே இன்னும் தரவில்லை, வந்தவுடன் தருகிறேன்" என்பதுதான் இதுவரை வட்ஸ்அப்பில் கிடைத்த பதில். இதற்கிடையில் இரண்டு சுவர்களில் பலகை மூட்டுகளை மூடும் டேப் விட்டுப்போன இடங்களைச் சரிசெய்து தரும்படியும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் 'ஃபைனல் ரிலீஸ்' என்ற தாளில் கையெழுத்திட்டு அனுப்பும்படியும் ஜி.சி. கேட்டிருக்கிறார். கட்டடச் சொந்தக்காரரோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத நான் அவருடைய கட்டடத்தின் மேல் லீன் (கூலி வரும்வரை சொத்தின் மேல் வைக்கும் சட்டப் பிடி) போடலாமா, போட்டால் காசு வருமா என்பது அவர் எழுதிய கேள்வி. அதற்குள் அவர் எழுதாத இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அடுத்த வேலையும் இதே ஜி.சி.யிடமிருந்துதான் வர வேண்டும். அவரைப் பகைக்காமல் இன்னும் எத்தனை நாள் பொறுத்திருக்கலாம்?

எழுதாத கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். ஜூலை 8 வரை. அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும் லீன் உரிமை உங்களிடம் இருக்காது. நான் சட்டத்தரணி அல்ல. ரொறன்ரோவில் கட்டுமான வழக்குகளைக் கவனிக்கும் ஒரு சட்ட அலுவலகத்தில் 17 ஆண்டுகளாக லோ கிளார்க்காக இருக்கிறேன். லீன் பத்திரங்களைத் தயாரிப்பதும், காணி விவரங்களைத் தேடுவதும், நாட்காட்டியில் நாட்களை எண்ணி வட்டமிடுவதும் என்னுடைய அன்றாட வேலை. உங்கள் ஒப்பந்தத்தையோ உணவகத்தின் குத்தகையையோ நான் பார்க்கவில்லை. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுதியாகவும், அது உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதைச் சற்றுத் தயக்கத்தோடும் சொல்வேன். எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

லீன் என்பதைத் தமிழ்ச் சட்ட நூல்கள் பற்றுரிமை என்று எழுதும். ஒருவருடைய காணியிலோ கட்டடத்திலோ உழைப்பையோ பொருளையோ போட்டு அதன் மதிப்பைக் கூட்டியவருக்கு, தன் கூலி வரும்வரை அந்தச் சொத்தின் மேல் ஒரு பிடி உண்டு என்பதே அதன் அடிப்படை. வாஷிங்டன் நகரைக் கட்டத் தொடங்கிய காலத்தில், 1791இல், மேரிலாந்து இயற்றிய சட்டத்தில் இருந்து இந்த யோசனை வட அமெரிக்கா முழுவதும் பரவியது. ஒன்ராறியோ 1873இல் தனது சட்டத்தை இயற்றியது. அதற்கு மெக்கானிக்ஸ் லீன் சட்டம் என்று பெயர். அக்காலத்து மெக்கானிக் என்பவர் தச்சரும் கொத்தரும் போன்ற கைவினைஞர். கார் திருத்துபவர் அல்ல. (கார் திருத்துபவருக்கும் லீன் உண்டு, ஆனால் அதற்கு வேறு சட்டம்.) 1983இல் பெயர் கட்டுமான லீன் சட்டம் என்றானது, 2018 ஜூலை 1 முதல் வெறும் கட்டுமானச் சட்டம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பழைய பெயரே நிலைத்திருப்பதால் இணையத்தில் தேடினால் கலிபோர்னியா, டெக்சாஸ் விதிகள்தான் முதலில் வந்து விழும். அங்கே வேலை தொடங்கும்போதே முன்னறிவித்தல் அனுப்ப வேண்டும் என்பது போன்ற விதிகள் உண்டு. அவற்றைப் படித்துவிட்டு, நான் அனுப்பவில்லையே, என் உரிமை போய்விட்டதே என்று இங்கே பயந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்ராறியோவில் அப்படி ஒரு முன்னறிவித்தல் தேவையில்லை. நீங்கள் சைற்றில் முதல் நாள் வேலை செய்தபோதே உங்கள் லீன் உருவாகிவிட்டது. சொந்தக்காரரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத துணை ஒப்பந்தகாரருக்கும், அவருக்குப் பொருள் வழங்கிய கடைக்கும், தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு. இது உறுதி.

உருவானதைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் சிக்கல். துணை ஒப்பந்தகாரர் தன் லீனை 60 நாட்களுக்குள் காணிப் பதிவேட்டில் பதிய வேண்டும். அந்த 60 நாள், நீங்கள் அந்தச் சைற்றுக்குக் கடைசியாக உழைப்போ பொருளோ வழங்கிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஓடுகிறது. இன்வொய்ஸ் அனுப்பிய நாளிலிருந்தோ, காசு தருவதாகச் சொன்ன நாளிலிருந்தோ அல்ல. மே மாதத்தில் 22 நாள், ஜூனில் 30, ஜூலையில் 8, ஆக 60. ஆனால் இன்னும் முன்பே ஓடத் தொடங்கவும் கூடும். வேலை பெருமளவு முடிந்துவிட்டது என்று ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டுக் கட்டுமானத்துறைப் பத்திரிகையில் வெளியானால் வெளியான நாளிலிருந்தும், ஜி.சி.க்கும் உணவகத்துக்குமான பிரதான ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்தோ கைவிடப்பட்டோ ரத்தாகியோ போயிருந்தால் அந்த நாளிலிருந்தும் கடிகாரம் நடக்கும். எது முந்தியதோ அதுதான் கணக்கு. டெய்லி கொமர்ஷியல் நியூஸ் போன்ற பத்திரிகையில், நீங்கள் ஒருபோதும் புரட்டிப் பார்க்காத ஒரு பக்கத்தில் வரும் நாலு வரி அறிவித்தல் உங்கள் நாட்களைத் தின்றுவிடலாம். உணவக உள்வேலை போன்ற சிறிய ஒப்பந்தங்களில் இப்படிச் சான்றிதழ் வெளியிடுவது அரிது என்பது என் அனுபவம். ஆனாலும் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும், தேடிவிடுங்கள்.

டேப் விட்ட சுவரைத் திருத்தப் போனால் அந்த நாளிலிருந்து புதிதாக 60 நாள் கிடைக்கும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இது சந்தேகத்துக்குரிய பகுதி. ஒப்பந்தத்தில் சொன்ன வேலையில் உண்மையாகவே மிச்சமிருந்த ஒரு பகுதியை முடிக்கப் போனால் அது கடைசி வழங்கலாகக் கருதப்படலாம். முடித்த வேலையில் குறை திருத்தப் போனால், அதிலும் லீன் நாளை நீட்டுவதற்காகவே போனதுபோலத் தெரிந்தால், நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. எது மிச்ச வேலை, எது திருத்தம் என்பதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். நான் எண்ணும்போது எப்போதும் மிக முந்திய நாளையே பிடிப்பேன். நீங்களும் திருத்த வேலைக்குப் போங்கள், உறவு கெடாமல் இருக்கட்டும். நாட்காட்டியில் மட்டும் மே 9ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுத்திருப்பவர்கள் எப்படி நாளைத் தவறவிடுகிறார்கள் என்பதற்கு என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்வேலைக்காரர் பிளாஸ்டிக் பை நிறையப் பற்றுச்சீட்டுகளோடு வந்தார். அவருடைய ஜி.சி. பிற்திகதியிட்ட காசோலைகள் மூன்றைக் கொடுத்து, மாதம் ஒன்றாகப் போடச் சொல்லியிருந்தார். முதலாவது மாறியது. இரண்டாவதும் மாறியது. மூன்றாவது, பணமில்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அவர் கடைசியாக வேலை செய்த நாளை நான் கேட்டேன். அவர் கைபேசியில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார், மின்பலகையின் மூடியைப் பூட்டிய படம். திகதியைப் பார்த்து எண்ணினேன். 71 நாள். முதல் இரண்டு காசோலையும் மாறியதால்தான் அவர் மூன்றாவதையும் நம்பினார். வந்த காசு வந்ததுதான். ஆனால் பெரிய தொகை மூன்றாவதில் இருந்தது. காசோலையை வாங்குவதால் லீன் உரிமை போவதில்லை. காசோலைகள் கையில் இருக்கின்றன என்ற தைரியத்தில் நாள் போய்விடுகிறது.

இனி, லீன் போட்டால் காசு வருமா. இங்கேதான் பலர் ஏமாற்றமடைகிறார்கள். லீன் போட்டால் கட்டடத்தை விற்று 38,000 டொலரையும் எடுத்துத் தருவார்கள் என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. ஒரே வேலைக்குச் சொந்தக்காரர் (சட்டத்தின் பொருளில் வேலையைச் செய்வித்தவர், இங்கே உணவகக்காரர்) இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதும் இந்தச் சட்டத்தின் நோக்கம். ஆகவே உங்கள் லீனுக்கு இரண்டு வரம்புகள் உண்டு: உங்களுக்குத் தர வேண்டிய தொகை ஒன்று, மேலே இருப்பவர் ஜி.சி.க்கு இன்னும் தர வேண்டிய தொகை மற்றொன்று. இவற்றில் குறைந்ததே உங்கள் லீன். ஆனால் அதற்கு அடியில் ஒரு தரை போட்டிருக்கிறார்கள், அதுதான் ஹோல்ட்பேக். சொந்தக்காரர் ஜி.சி.க்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையிலும் 10 விழுக்காட்டைப் பிடித்துவைக்க வேண்டும், ஜி.சி. உங்களுக்குக் கொடுக்கும்போதும் அப்படியே. பிடித்துவைக்க மறந்து முழுவதையும் கொடுத்துவிட்ட சொந்தக்காரர், அந்த 10 விழுக்காட்டுக்குத் தன் கையிலிருந்து பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உணவகக்காரர் ஜி.சி.யோடு செய்த ஒப்பந்தம் 300,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முழுத்தொகையையும் கொடுத்து முடித்துவிட்டார் என்றாலும் 30,000 டொலருக்கு அவர் பொறுப்பு. உங்களைப் போலவே குழாய்வேலைக்காரர் 37,000 டொலருக்கும், தரை போட்டவர் 25,000 டொலருக்கும் லீன் போட்டால் மூவருக்கும் சேர்த்து 100,000 டொலர் வரவேண்டும். அந்த 30,000 மூவருக்கும் விகிதப்படி பிரியும். உங்களுக்கு 11,400 டொலர் வரும். தொழிலாளிகளின் சம்பளப் பாக்கி இருந்தால், 40 வேலை நாட்களுக்கான சம்பளம்வரை அவர்களுக்கு உங்களைவிட முன்னுரிமை. மீதிக்கு நீங்கள் ஜி.சி.யைத்தான் துரத்த வேண்டும். மாறாக, உணவகக்காரர் இன்னும் 90,000 டொலர் ஜி.சி.க்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் உங்கள் நிலை எவ்வளவோ மேல். ஆகையால் 'இன்னும் எனக்குத் தரவில்லை' என்று ஜி.சி. சொல்வது உண்மையாக இருந்தால் அது உங்களுக்கு நல்ல செய்தி! பொய்யாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

உங்கள் விடயத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது பிளாசா. உணவகக்காரர் அங்கே குத்தகைக்காரர். நிலமும் கட்டடமும் வேறொருவருடையவை. உங்கள் வேலையைக் கேட்டு வாங்கியவர் குத்தகைக்காரர் மட்டுமே என்றால், லீன் அவருடைய குத்தகை உரிமையின் மேல்தான் விழும், பிளாசாவின் மேல் அல்ல. திறக்காமலே மூடிப்போன ஓர் உணவகத்தின் குத்தகையை யார் வாங்குவார்கள்? இதற்கு 2018 திருத்தம் ஓரளவு மருந்து போட்டிருக்கிறது: உள்வேலைச் செலவில் ஒரு பங்கை நிலச் சொந்தக்காரர் ஏற்பதாகக் குத்தகையிலோ அதனோடு தொடர்புடைய உடன்படிக்கையிலோ கணக்கு வைத்திருந்தால், அப்படி ஏற்ற தொகையில் 10 விழுக்காடு வரை அவருடைய உரிமையும் லீனுக்கு உட்படும். 80,000 டொலர் ஏற்றிருந்தால் 8,000 டொலர். அதற்கு மேல் நிலச் சொந்தக்காரரைப் பிடிக்க வேண்டுமென்றால், வேலையை அவரே கேட்டார், அவருடைய சம்மதத்தோடோ அவருடைய நேரடி நன்மைக்காகவோ நடந்தது என்று காட்டி, சட்டம் சொல்லும் பொருளில் அவரும் ஒரு 'சொந்தக்காரர்' என்று நிறுவ வேண்டும். வரைபடங்களுக்கு அனுமதி கொடுத்ததாலேயே அவர் அப்படி ஆகிவிடுவதில்லை என்பதே பொதுவாக எடுக்கப்படும் நிலைப்பாடு. ஒவ்வொரு வழக்கும் அதனதன் தாள்களைப் பொறுத்தது. இதில் உறுதியாக எதையும் சொல்ல மாட்டேன்.

இந்தத் தகவல்களை எல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை, கேட்டு வாங்கலாம். கட்டுமானச் சட்டத்தின் 39ஆவது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. ஒப்பந்தத் தொகை எவ்வளவு, இதுவரை எவ்வளவு கொடுக்கப்பட்டது, பாக்கி என்ன, ஊதியத்துக்கும் பொருளுக்கும் உத்தரவாதப் பத்திரம் உண்டா என்று சொந்தக்காரரிடமும் ஜி.சி.யிடமும் எழுத்தில் கேட்கலாம். குத்தகை வாயிலான பங்களிப்பு எவ்வளவு என்று நிலச் சொந்தக்காரரிடமும் கேட்கலாம். 21 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். உங்களிடம் 14 நாள்தான் இருப்பதால் பதில் வந்த பிறகு லீன் போடலாம் என்று காத்திருக்க முடியாது. கடிதம் இன்றே போகட்டும், லீன் அதன் பாட்டில் நடக்கட்டும். அதோடு, எழுத்து மூலமான லீன் அறிவித்தல் என்று ஒன்று உண்டு. சட்டம் வகுத்த படிவத்தில் அதைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டால், அவர் வழக்கமான ஹோல்ட்பேக்குக்கு மேலாக உங்கள் தொகையையும் பிடித்துவைக்க வேண்டியவராகிறார். காணிப் பதிவேட்டைத் தொடாமல் காசை நிறுத்திவைக்க இது நல்ல கருவி. நாளைக்கே உணவகக்காரர் ஜி.சி.க்கு ஒரு பெரிய காசோலை எழுதப்போகிறார் என்றால், அதை நிறுத்துவது இந்தத் தாள்தான். ஆனால் ஜூலை 8க்குள் பதிய வேண்டிய கடமையை இது நீக்காது. இதையும் பதிவையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

பதிவு என்பது மின்முறையில் நடக்கிறது; டெராவியூ என்ற அமைப்பின் மூலம் சட்டத்தரணி அலுவலகங்கள் செய்கின்றன. ஒவ்வொரு காணித் துண்டுக்கும் ஒன்பது இலக்க எண் ஒன்று உண்டு. உங்கள் லீன் அந்த எண்ணின் மேல்தான் ஏறுகிறது, தெரு முகவரியின் மேல் அல்ல. ஒரு பிளாசாவுக்கு ஒரே முகவரியும் இரண்டு மூன்று எண்களும் இருக்கும். வாகனத் தரிப்பிடத்துக்கான எண்ணின் மேல் லீனைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த ஒரு கோப்பை நான் திருத்தியிருக்கிறேன். நல்லவேளையாக இன்னும் இரண்டு நாள் மிச்சமிருந்தது. பெயரில் எழுத்துப்பிழை போன்ற சிறு வழுக்களால் லீன் செல்லாமல் போகாது, யாருக்கும் பாதிப்பில்லை என்றால் சட்டமே பொறுத்துக்கொள்ளும். பிழையான காணியையும் தவறிய நாளையும் அது பொறுக்காது. தொகையிலும் கவனம் வேண்டும். வட்டிக்கு லீன் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் லீனில் சேர்க்கக்கூடாது. அலைந்த செலவு, மன உளைச்சல், இழந்த வேறு வேலை எல்லாவற்றையும் கூட்டி 60,000 என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே மிகைப்படுத்திய லீனுக்கு நட்டஈடு கட்ட வேண்டி வரலாம். 38,000 என்றால் அதற்குரிய இன்வொய்ஸ்கள் 38,000க்கு வர வேண்டும்.

பதிந்த பிறகு பெரும்பாலும் நடப்பது இதுதான். சொந்தக்காரருடைய வங்கி, பதிவேட்டில் லீன் தெரிந்தவுடன் அடுத்த கடன் தவணையை நிறுத்திவிடும். சொத்தை விற்கவோ மறு அடமானம் வைக்கவோ முடியாது. அதனால் ஒரு வாரத்துக்குள் யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். பேசித் தீராவிட்டால் அவர்கள் லீன் தொகையோடு அதில் 25 விழுக்காட்டையும் செலவுக்காகச் சேர்த்து நீதிமன்றத்தில் கட்டி, காணியிலிருந்து லீனை அகற்றிக்கொள்வார்கள். உங்கள் கணக்கில் அது 47,500 டொலர். இதைக் கேட்டவுடன் "என் லீனை எடுத்துவிட்டார்களே" என்று சிலர் பதறுவார்கள். பதற வேண்டியதில்லை, உங்கள் பிடி நிலத்திலிருந்து காசுக்கு மாறியிருக்கிறது, காசு நீதிமன்றத்தில் இருக்கிறது. நான் வாதிகள் பக்கம் இருக்கும்போது எனக்கு இதுவே பிடிக்கும். ஆனால் அங்கேயும் கடிகாரம் நிற்பதில்லை: லீனைப் பதியக் கூடிய கடைசி நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். உங்களுக்கு அது ஒக்டோபர் 6. லீன் காணியிலேயே இருந்தால், வழக்குப் போட்டதற்கான சான்றிதழையும் அதே காலத்துக்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வழக்குத் தொடுத்து இரண்டு ஆண்டுகளுக்குள் விசாரணைக்கு முன்வைக்காவிட்டாலும் லீன் காலாவதியாகும். சிலர் ஜூனில் லீன் போட்டார்கள், அது வீட்டுப் பத்திரம்போல என்றும் இருக்கும் என்று நினைத்து நவம்பரில் வந்தார்கள்.

'எனக்கு வந்தால்தான் உனக்கு' என்ற பேச்சுக்கு வருகிறேன். 2019 ஒக்டோபர் 1 முதல் ஒன்ராறியோவில் அந்தப் பேச்சு வெறும் வாயால் சொன்னால் எடுபடாது. முறையான இன்வொய்ஸ் கிடைத்து 28 நாட்களுக்குள் சொந்தக்காரர் ஜி.சி.க்குக் கொடுக்க வேண்டும், மறுப்பதென்றால் 14 நாட்களுக்குள் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். காசு கிடைத்து 7 நாட்களுக்குள் ஜி.சி. உங்களுக்குத் தர வேண்டும். சொந்தக்காரர் தராவிட்டால் ஜி.சி. உங்களுக்குத் தராமல் இருக்கலாம், ஆனால் அதற்கு அவர் உங்களுக்கு எழுத்தில் அறிவித்தல் தர வேண்டும். அந்தப் பிணக்கை 21 நாட்களுக்குள் அட்ஜூடிகேஷன் எனப்படும் விரைவுத் தீர்ப்புக்கு எடுத்துச் செல்வேன் என்ற உறுதிமொழியும் அதில் இருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஒரு தாள் வந்ததா? வட்ஸ்அப்பில் ஒரு வரியும் கைகூப்பும் படமும் வந்திருந்தால் அது அந்தத் தாள் அல்ல.

நீங்களே அட்ஜூடிகேஷனுக்குப் போகலாம். தாள்கள் நடுவர் கைக்குக் கிடைத்து 30 நாட்களுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு 10 நாட்களுக்குள் காசு கட்ட வேண்டும். ஜி.சி. ஓரளவு நாணயமுள்ளவர், கையில் காசும் உண்டு, தொகையில் மட்டும்தான் வாதம் என்றால் லீன் வழக்கைவிட இது மலிவு, விரைவு. காசே இல்லாதவருக்கு எதிராகத் தீர்மானம் வாங்கிச் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டத்தான் முடியும். அப்போதுதான் மூன்றாமவரான சொந்தக்காரரைப் பிடிக்கும் லீனின் அருமை தெரியும். அட்ஜூடிகேஷன் தொடங்கினால் சில நிலைமைகளில் லீன் நாட்கள் சற்று நீளும். அதை நம்பி ஜூலை 8ஐத் தாண்ட விடாதீர்கள். நான் அப்படி விட்டதில்லை.

உணவகக்காரர் உண்மையில் காசு கொடுத்துவிட்டார் என்று 39ஆம் பிரிவுக் கடிதத்துக்குப் பதில் வந்தால்? இங்கேதான் பலருக்குத் தெரியாத, என் பார்வையில் லீனைவிடக் கூர்மையான ஆயுதம் இருக்கிறது. ஒரு சைற்றின் கணக்கில் ஜி.சி.க்கு வரும் காசு அவருடைய சொந்தக் காசு அல்ல. அந்தச் சைற்றில் வேலை செய்த துணை ஒப்பந்தகாரருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் உரிய நம்பிக்கைப் பொறுப்புப் பணமாகச் சட்டம் அதைக் கருதுகிறது. அவர்களுக்குக் கொடுத்து முடிக்கும்வரை அதை வேறு சைற்றின் கடனுக்கோ புதிய வாகனத்துக்கோ எடுத்தால் அது நம்பிக்கை மீறல். கம்பனி கையை விரித்தாலும், அந்த மீறலுக்குத் தெரிந்தே உடன்பட்ட இயக்குநர், நிர்வாகி, உண்மையில் கம்பனியை நடத்துபவர் ஆகியோர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார்கள். இதற்கு லீனின் 60 நாள் கிடையாது. பொதுவான இரண்டு ஆண்டுக் காலவரம்பே பொருந்தும். ஆகவே ஜூலை 8 தவறிவிட்டது என்று பின்னர் இதைப் படிப்பவர்கள், எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தக் கடனுக்கான வழக்கும் நம்பிக்கை மீறல் வழக்கும் இன்னும் திறந்திருக்கும். எந்தக் காசு எந்தச் சைற்றுக்கு வந்து எங்கே போனது என்று கணக்குப் புத்தகத்தில் துரத்துவது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018 முதல் அந்தக் கணக்கை எழுதிவைப்பது ஜி.சி.யின் கடமை, எல்லோரும் எழுதிவைக்கிறார்களா என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

அந்த ஃபைனல் ரிலீஸ் தாளில் கையெழுத்து வேண்டாம். இந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது, லீன் உரிமை எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுப்பது வேறு. காசு வராமலே அதில் கையெழுத்திட்டுவிட்டு, அது உண்மையல்ல என்று பின்னர் நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால், வங்கி வரைவோலை கையில் வந்த அதே மேசையில், வந்த தொகையை மட்டும் குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். ஹோல்ட்பேக் இன்னும் வரவில்லை என்றால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

பகை பற்றி ஒரு வார்த்தை. லீன் போட்டதற்காக இனி வேலை தர மாட்டேன் என்று சொல்லும் ஜி.சி.க்கள் உண்டு. அதே ஜி.சி.க்கள், தமக்குச் சொந்தக்காரர் தராதபோது எங்கள் அலுவலகத்துக்கு வந்து லீன் போடுகிறவர்களும்கூட. முன்கூட்டியே நாகரிகமாக ஒரு மின்னஞ்சல் எழுதலாம்: ஜூலை 3ஆம் திகதிக்குள் காசு வராவிட்டால் என் உரிமை காலாவதியாகாமல் இருப்பதற்காக லீன் பதிவேன், காசு வந்த அன்றே அதை அகற்றித் தருவேன், இது உங்கள் மேல் உள்ள கோபத்தால் அல்ல என்று. அநேகமானவர்களுக்கு அது புரியும். ஐந்து நாள் இடைவெளி விட்டது, சட்டத்தரணிக்குக் காணி எண்ணைத் தேடவும் பத்திரம் தயாரிக்கவும் நேரம் வேண்டும் என்பதற்காக.

சட்டத்தரணியிடம் போகும்போது ஒப்பந்தம், இன்வொய்ஸ்கள், வட்ஸ்அப் உரையாடலின் முழுப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஒப்பந்தமே எழுதவில்லை, வாய்ப்பேச்சுத்தான் என்றாலும் லீன் உண்டு. அப்போது உரையாடலே சாட்சி. இவை எல்லாவற்றுக்கும் முன்னர், மே 9ஆம் திகதி நீங்கள் அந்தச் சைற்றில் வேலை செய்ததைக் காட்டும் ஏதாவது ஒன்றைத் தேடி எடுங்கள்: மட் (மூட்டுப் பூச்சு) வாளி இறக்கிய கடையின் சீட்டு, வாசலில் கையெழுத்திட்ட வருகைத் தாள், கைபேசியில் ஒரு படம். நாங்கள் நாளை எண்ணத் தொடங்குவது அந்தத் துண்டிலிருந்துதான்.